ஏற்றத்தில் தூண்டில், வற்றத்தில் நடை

கையில் தூண்டிலோடு மூன்று நாள் கடலோரமாகவே நடப்பது கேட்பதற்கு இனிமையான யோசனை. ஆனால் அதைத் திட்டமிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சாலை வரைபடத்தையல்ல, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற அட்டவணையை.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் பாட என்ற கிராமத்தின் கடற்கரை. காலை பத்து மணி. கடல் நன்றாக வற்றியிருக்கிறது. ஈர மணல் சிமென்ட் தரைபோல இறுகிக் கிடக்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு யாரும் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் சிரமமில்லாமல் நடக்கலாம். அதே கரையில் பிற்பகல் நான்கு மணிக்கு நடந்து பார்த்தால் கதை வேறு. இறுகிய மணல் அலைக்கடியில் போயிருக்கும். மிச்சமிருப்பது தென்னந்தோப்பை ஒட்டிய பொதபொதவென்ற உலர் மணல்தான். ஒவ்வோர் அடிக்கும் கால் கணுக்கால் வரை புதையும். வேகம் பாதியாகும், களைப்பு இரட்டிப்பாகும்.

ஆனால் நடப்பவருக்கு எதிரியான அந்தப் பிற்பகல்தான் தூண்டில்காரருக்கு நல்ல நேரம். கடல் ஏற ஏற, காலையில் வறண்டு கிடந்த பள்ளங்களில் தண்ணீர் நிறைகிறது. மணலில் புதைந்திருக்கும் சிறு நண்டுகளையும் புழுக்களையும் அலை கிளறிவிட, அவற்றைத் தேடி மீன்கள் கரையோரம் வருகின்றன. ஆக, வற்றம் காலுக்கு, ஏற்றம் தூண்டிலுக்கு. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் பயணத்தின் பெரும்பகுதி தானாகவே திட்டமாகிவிடுகிறது. மாற்றிப் போட்டால் காலும் வலிக்கும், கூடையும் காலியாக இருக்கும்.

எந்தக் கரை?

இந்தியாவின் கடற்கரை நீளம் 7,516 கி.மீ. என்றுதான் பள்ளிக்கூடத்தில் பல தலைமுறைகள் படித்தன. அண்மையில் மத்திய அரசு வெளியிட்ட மறுகணக்கில் அது 11,098 கி.மீ. ஆகிவிட்டது. நிலம் வளரவில்லை, அளவுகோல்தான் நுட்பமாகியிருக்கிறது. பழைய அளவு விட்டுவிட்ட வளைவுகளையும் நெளிவுகளையும் புதிய அளவு சேர்த்துக்கொண்டது. நடக்கப் போகிறவருக்கும் இதில் பாடமுண்டு. வரைபடத்தில் நேர்கோட்டில் 14, 15 கி.மீ. என்று தெரியும் தூரம், பாறை முனைகளைச் சுற்றியும் கழிமுகங்களைத் தாண்டியும் கடக்கும்போது 25 கி.மீ.யைத் தொட்டுவிடும்.

எல்லாக் கரையும் நடக்கத் தகுந்ததல்ல. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் மட்டம் ஒரே நாளில் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. கரை முழுவதும் சேறு. ஒடிசாவின் சாந்திப்பூரில் வற்றத்தின்போது கடல் சில கிலோமீட்டர் பின்வாங்கிவிடும். வேடிக்கை பார்க்க அருமையான இடம், அலையோரத் தூண்டிலுக்கு ஒத்துவராது. சென்னைப் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கர்நாடகத்தின் வடகரை இந்த விஷயத்தில் நடுவாந்தரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் இரண்டு மீட்டரை நெருங்கும். நடப்பவருக்குப் பாதை விடவும், மீனைக் கரைக்குக் கொண்டுவரவும் அது போதும்.

அதனால்தான் முதல்முறை முயல்கிறவர்களுக்குக் கும்டாவிலிருந்து கோகர்ணம் வரையிலான கரை பொருத்தமாக இருக்கிறது. கொங்கண் ரயில் பாதையில் தொடக்கத்துக்குக் கும்டா நிலையம், முடிவுக்குக் கோகர்ணா ரோடு நிலையம். இரண்டுக்கும் இடையில் வன்னள்ளி, கட்லே, பாட, காகல், அகநாசினி, தடடி என்று வரிசையாக ஊர்கள். தண்ணீருக்கும் சோற்றுக்கும் இரவு படுக்கைக்கும் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. நடை முடியும் இடம் தமிழர்களுக்கு அந்நியமானதுமல்ல. அப்பரும் சம்பந்தரும் பாடிய துளுவ நாட்டுத் தலம் கோகர்ணம்.

கோகர்ணத்தோடு நிற்காமல் வடக்கே கார்வார் வரை போகலாமே என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்வாருக்குத் தெற்கே கரையின் ஒரு நீண்ட பகுதி கடற்படையின் கதம்பா தளத்துக்குள் அடங்கியது. அங்கே கடலோரமாக நடந்து போக முடியாது. எந்தக் கரையானாலும் கடற்படைப் பகுதி, துறைமுகம், வனச் சரணாலயம் ஆகியவை குறுக்கே வருகின்றனவா என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.

தேதியைத் தேர்ந்தெடுப்பது நிலா

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேற்குக் கரையில் கடல் பக்கம் போகவே கூடாத காலம். அக்டோபரிலும் மழை எட்டிப் பார்க்கும். மார்ச்சுக்குப் பிறகு வெயில் ஆளைச் சுருட்டிவிடும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் சரியான பருவம்.

தேதிதான் சங்கதி. ஒரு வற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்குச் சுமார் ஆறேகால் மணி நேரம். ஒவ்வொரு நாளும் இந்த நேரங்கள் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகின்றன. இந்திய நில அளவைத் துறை துறைமுகவாரியாக ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. கைபேசியிலும் இப்போது இந்த விவரம் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு, காலை ஒன்பதரை மணி சுமாருக்கு வற்றம் வரும் நாளைத் தேட வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறை அப்படி நாட்கள் அமையும்.

முதல் நாள் வற்றம் காலை 9.30 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் உச்சத்தை எட்டுவது பிற்பகல் 3.45 சுமாருக்கு. இரண்டாம் நாள் வற்றம் 10.20, ஏற்றம் 4.35. மூன்றாம் நாள் 11.10, 5.25. காலை ஏழரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் அன்றைய நடையை முடித்துவிடலாம். உச்சி வெயிலில் சாப்பாடு, தூக்கம். இரண்டரை, மூன்று மணிக்கு எழுந்து தூண்டிலை எடுத்தால் ஏறும் கடலோடு பொழுது சாயும் வரை நிற்கலாம். இதே பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் வற்றம் பிற்பகலில் வரும்; கொதிக்கும் மணலில்தான் நடக்க வேண்டியிருக்கும். எனவே அலுவலகத்தில் விடுமுறை கேட்பதற்கு முன்பே அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

மேற்குக் கரையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரே நாளில் வரும் இரண்டு வற்றங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்று ஆழமாக வற்றும், மற்றது அரைகுறையாக. அட்டவணையில் நேரத்தோடு உயரத்தையும் பார்த்து, ஆழமான வற்றம் பகலில் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூட்டையில் என்ன?

நடைக்கும் தூண்டிலுக்கும் இடையே நடக்கும் சண்டை மூட்டையில்தான் தீர்க்கப்படுகிறது. தூண்டில்காரருக்கு நீளமான கோல், கனமான ஈயம், பெட்டி நிறைய முட்கள் வேண்டும். நடப்பவருக்கு எதுவுமே வேண்டாம். சமரசம் இப்படி: மூன்று, நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய 10 முதல் 12 அடிக் கோல் ஒன்று, ரீல் ஒன்று, 60 முதல் 100 கிராம் வரையிலான ஈயக்குண்டுகள் ஐந்தாறு, சிறிதும் நடுத்தரமுமாக இரண்டு அளவு முட்கள், மாற்று நரம்பு ஒரு சுருள், கத்தி, முள்ளைக் கழற்ற ஒரு குறடு. நான்கு பேர் போனாலும் இரண்டு கோல் போதும். இரண்டு பேர் வீசும்போது மற்ற இருவர் அடுப்பைக் கவனிக்கலாம், அல்லது சும்மா கடலைப் பார்க்கலாம்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் கையில் இருக்க வேண்டும், ஊர்களில் நிரப்பிக்கொள்ளலாம். தெற்கிலிருந்து வடக்கே நடக்கும்போது கடல் இடப்பக்கம். பிற்பகல் வெயில் நேராக இடக் கன்னத்தில் விழும். அகலமான தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். மொத்த மூட்டை எட்டுக் கிலோவைத் தாண்டினால் இரண்டாம் நாள் அது தெரியும்.

இரையை வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம். கும்டா சந்தையில் இறால் கிடைக்கும். அலை வந்து திரும்பும் ஈர மணலைக் கையால் தோண்டினால் சிறு நண்டுகள் அகப்படும். அகநாசினிப் பக்கம் மட்டி மலிவு. கரையோரத்தில் பிடிபடக்கூடியவை கிழங்கான், கத்தாளை, சிறு பாறை, கெளிறு போன்றவை. அதிர்ஷ்டமிருந்தால் காலா, கழிமுகத்தருகே கொடுவா. நம் ஊர்க் கிழங்கானுக்குக் கன்னடத்தில் காணே என்று பெயர். கர்நாடகக் கரையில் அதற்கிருக்கும் மரியாதை வஞ்சிரத்துக்குக் குறைந்ததல்ல. அதைப் பிடிக்க வெகுதூரம் வீசத் தேவையில்லை. முதல் அலைக்குப் பின்னால் உள்ள பள்ளத்திலேயே அது மேய்கிறது.

மூன்று நாள்

முதல் நாள் கும்டாவிலிருந்து பாட வரை. சிறு சிறு கடற்கரைகள், நடுவே பாறை முனைகள். முனைகளில் வற்றத்தின்போது சில இடங்களில் கீழேயே கடக்கலாம். மற்ற இடங்களில் மேலே ஒற்றையடிப் பாதை உண்டு. சந்தேகம் வந்தால் மேலே போவதே சரி.

இரண்டாம் நாள் பாடவிலிருந்து காகல் வரை விரியும் நீண்ட மணல்கரை. சுற்றுலாக்காரர்கள் இதை நிர்வாணா பீச் என்கிறார்கள். பயணத்தின் தூண்டில் நாள் இதுதான். நடக்கும்போதே கரையைப் படிக்க வேண்டும். கடல் வற்றிக் கிடக்கும்போது மணல்திட்டு எங்கே, அதற்குள் பள்ளம் எங்கே, திட்டை அறுத்துக்கொண்டு தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் எங்கே என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். எதிரே நிற்கும் சாய்ந்த தென்னையையோ கவிழ்த்து வைத்த தோணியையோ அடையாளம் வைத்துக்கொண்டால், பிற்பகலில் தண்ணீர் மூடிய பிறகும் எங்கே வீச வேண்டும் என்பது தெரியும். காலை நடை வீணான நேரமல்ல. மாலைத் தூண்டிலுக்கு அதுதான் உளவு.

மூன்றாம் நாள் அகநாசினி ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் சிர்சிப் பக்கம் பிறந்து, அணை எதிலும் சிக்காமல் கடலுக்கு வரும் ஆறு இது. இதன் கழிமுகம் 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே சமயத்தில்தான் தமிழ்நாட்டின் கரைவெட்டியும் லாங்வுட் சோலையும் சேர்க்கப்பட்டன. வற்றத்தின்போது இடுப்பளவு நீரில் குனிந்து மட்டி பொறுக்கும் ஆண்களையும் பெண்களையும் இங்கே பார்க்கலாம். அவர்கள் நிற்கிறார்களே என்று நடப்பவரும் இறங்கிவிடக் கூடாது. எந்த அடியில் திட்டு முடிந்து ஆழம் தொடங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது. கடல் வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் முழுவதும் வாய் வழியே கடலை நோக்கிப் பாய்கிறது. கழிமுகங்களை நடந்து கடப்பதில்லை என்பது இந்தப் பயணத்தில் விதிவிலக்கில்லாத விதி. அகநாசினியிலிருந்து எதிர்க்கரைத் தடடிக்குப் படகு போகிறது. அதன் நேரத்தை முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொண்டால் போதும்.

தடடிக்கு அப்பால் பாரடைஸ், ஹாஃப் மூன், ஓம், குட்லே என்று கோகர்ணத்தின் பிரபலமான கடற்கரைகள். இங்கே பாதை பெரும்பாலும் பாறை மேட்டில் ஏறி இறங்குகிறது. குளிப்பவர்கள் கூட்டமும் அதிகம். தூண்டில் கோலைக் கழற்றிக் கட்டிவிட்டு வெறும் நடையாக முடிப்பதே நல்லது.

மீன் கூடும் இடம், ஆளை இழுக்கும் இடம்

இந்த விளையாட்டின் ஆபத்து ஒரு விசித்திரமான இடத்தில் ஒளிந்திருக்கிறது. அலைகள் வரிசையாக உடைந்து நுரைக்கும் கரையில், நடுவே ஓரிடத்தில் மட்டும் நுரையில்லாமல், நிறம் சற்றுக் கறுத்து, தண்ணீர் அமைதியாக இருக்கும். அனுபவமுள்ள தூண்டில்காரர் தேடுவது அந்த இடத்தைத்தான். கரையில் மோதிய தண்ணீர் திட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. இரையும் அதன் வழியே போகும், மீனும் அங்கே காத்திருக்கும். ஆளை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டமும் அதுவேதான். அலையில்லாத இடம் பாதுகாப்பானது என்று நினைத்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகிறார்கள்.

உத்தர கன்னட மாவட்டத்திலேயே முருடேஸ்வரத்தில் 2024 டிசம்பரில் சுற்றுலா வந்த நான்கு பள்ளி மாணவிகள் கடலில் மூழ்கி இறந்தனர். அதே ஆண்டு மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவர்கள் அலையில் சிக்கிப் பலியானார்கள். அப்போது 'கள்ளக்கடல்' எச்சரிக்கை அமலில் இருந்தது. எங்கோ தென்கடலில் அடித்த புயற்காற்று எழுப்பிய அலைத்திரள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத தெளிவான நாளில் திடீரென்று கரையில் ஏறுவதுதான் கள்ளக்கடல். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னறிவிப்பு தருகிறது. ஒவ்வொரு நாள் காலையும் அதைப் பார்ப்பது, எச்சரிக்கை இருந்தால் கரையை விட்டு விலகி ஊர்ச் சாலையில் நடப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மற்ற விதிகள் எளிமையானவை. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி வீசுவதில்லை. கடலுக்கு முதுகு காட்டுவதில்லை. ஈரமான பாறைமேல் ஏறுவதில்லை. அது ஈரமாக இருப்பதே அலை அங்கு வரை வந்து போனதற்குச் சாட்சி. தனியாகத் தூண்டில் போடுவதில்லை. தப்பித் தவறி நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். நீந்த முடியாதவர்கள் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

பிடிபட்ட மீனிலும் கவனம் தேவை. கெளிற்றின் முள்ளும் திருக்கையின் வால் முள்ளும் குத்தினால் உயிர் போகிற வலி. குத்திய இடத்தைப் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் அரை மணிக்கு மேல் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் சிக்கினால் சமைக்கவே கூடாது, அது நஞ்சு.

கரை யாருடையது?

நகரத்திலிருந்து வருகிறவருக்கு வெறிச்சென்று தெரியும் கடற்கரை உண்மையில் ஒரு வேலைக்களம். இந்தக் கரையில்தான் ஒரு காலத்தில் ராம்பணி வலை இழுத்தார்கள். கடலில் அரைவட்டமாக வளைத்துப் போடும் ராட்சதக் கரைவலை அது. டஜன் கணக்கான ஆட்கள் இரு பக்கமும் நின்று இழுக்க, கானாங்கெளுத்தி மலைமலையாகக் கரையேறும். வந்த மீன் பங்கு பிரிக்கப்படும். 1970-களின் பிற்பகுதியில் விசைப்படகுகளின் சுருக்குவலை வந்த பிறகு, மீன் கரைக்கு வருவதற்கு முன்பே ஆழத்தில் அள்ளப்பட்டது, ராம்பணி ஓய்ந்தது. இன்று சில இடங்களில் கைராம்பணி என்ற சிறிய கரைவலை மட்டும் மிச்சமிருக்கிறது.

அந்த வலை கடலில் இருக்கும்போது பக்கத்தில் நின்று பொழுதுபோக்குக்காகத் தூண்டிலை வீசி, முள்ளை வலையில் மாட்டிவிடுவது அநியாயம். வலை இழுக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி நிற்பதும், ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுக் கோலை எடுப்பதும் மரியாதை, லாபமும்கூட. எந்தப் பள்ளத்தில் நேற்று மீன் மேய்ந்தது, எந்த இடத்தில் கடல் இழுக்கும் என்று அவர்களைவிட யார் சொல்லப்போகிறார்கள்? மொழி பெரிய தடையல்ல. கன்னடத்திலும் அண்ணா அண்ணாதான், அக்கா அக்காதான்.

இரவில் கரையில் தீ மூட்டுவதும் விளக்கடிப்பதும் வேண்டாம். குளிர்காலத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கும் வருகின்றன. கூடாரம் அடிக்க எல்லா இடத்திலும் அனுமதியில்லை; ஊரில் வீடுகளில் தங்குவது வசதி, அவர்களுக்கும் வருமானம். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆமையின் காலிலும் பறவையின் சிறகிலும் சுற்றிக்கொண்டு கொல்வது அதுதான். அன்றைய சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, குஞ்சு மீன்களை உடனே கடலில் விட்டுவிடலாம். சுறாவின் உடலும் திருக்கையின் தலையும் சேர்ந்தாற்போன்ற மீன் எது சிக்கினாலும் நரம்பை அறுத்து விட்டுவிடுவதே நல்லது. அவற்றில் பல வகைகள் புலிக்கு நிகராகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை.

மூன்று நாள் நடையின் முடிவில் கூடையில் ஐந்தாறு கிழங்கான் தேறினால் அதிகம். அதைவிட மலிவாகக் கும்டா சந்தையிலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் கடிகாரம் பார்த்தே பழகிய ஒருவர், கடல் எப்போது வழி விடும், எப்போது மறிக்கும் என்று பார்த்துத் தன் பொழுதை அமைத்துக்கொள்ள மூன்று நாளில் கற்றிருப்பார். மூன்றாம் நாள் மாலை கோகர்ணத்துக் கரையில் உட்கார்ந்திருக்கும்போது, எதிரே மணல் எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்பதைப் பார்த்தே அவர் மணி சொல்லிவிடுவார்.